மலைப் பள்ளத்தாக்கில் மிதிவண்டி நெடுவழி அமைதல்: தென் டிரோலின் வின்ஷ்காவ் பள்ளத்தாக்கை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

வட இத்தாலியின் தென் டிரோல் மாகாணத்தில் அமைந்துள்ள வின்ஷ்காவ் பள்ளத்தாக்கில், ரெஷன் கணவாய் முதல் மெரான் நகரம் வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளத்துக்கு மிதிவண்டி நெடுவழி ஒன்று செல்கிறது. நெடுஞ்சாலைப் போக்குவரத்தைப் பெரும்பாலும் தவிர்த்துச் செல்லும் இவ்வழி எவ்வாறு அமைந்தது, எவற்றைச் சார்ந்து நிற்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. மலைப் பள்ளத்தாக்கில் சமதளம் என்பது அரிய பொருள். அதனை ஆறும் உழவும் தொடர்வண்டியும் முன்பே பங்கிட்டுக்கொண்டுவிட்டன. மிதிவண்டி வழி அப்பங்குகளின் ஓரத்தைப் பகிர்ந்துகொள்வதாலேயே உருவாகிறது. ஆகவே அதன் பாதுகாப்பும் நிலைபேறும் அப்பகிர்வு ஒழுங்காக நடைபெறுவதையே சார்ந்துள்ளன என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: மிதிவண்டி நெடுவழி, வின்ஷ்காவ், எட்ஷ் ஆறு, வண்டல் விசிறி, மலை வாய்க்கால், தொடர்வண்டிப் பாதை, பகிர்வு.

முன்னுரை

மிதிவண்டியில் மூட்டை முடிச்சுகளுடன் பல நாள் பயணம் செய்வோருக்கு இரண்டு தேவைகள் முதன்மையானவை. ஒன்று, விரைந்து செல்லும் ஊர்திகளிடமிருந்து விலகிய வழி. மற்றொன்று, சுமையோடு ஏறத்தக்க சரிவு. சமவெளியில் இவ்விரண்டையும் ஒருங்கே பெறுவது எளிது. ஓரிடத்தில் நெரிசல் மிகுந்தால் பக்கத்து ஊர்வழியாகச் சுற்றிச் செல்லலாம். மலைப் பள்ளத்தாக்கில் அத்தகைய மாற்றுவழி கிடையாது. இருபுறமும் மலை எழுந்து நிற்க, நடுவில் உள்ள ஒடுங்கிய தளத்திலேயே ஆறும் ஊரும் வயலும் நெடுஞ்சாலையும் தொடர்வண்டியும் அமைய வேண்டியுள்ளது. அங்கு மேலும் ஒரு வழிக்கு இடம் தேடுவது, நிறைந்த வீட்டில் இன்னொருவருக்குப் பாய் விரிப்பதைப் போன்றது. ஏற்கெனவே இருப்பவர்கள் சற்று ஒதுங்கி இடமளித்தால்தான் அது இயலும்.

இந்நிலையிலும் ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகள் பலவற்றில் மிதிவண்டி நெடுவழிகள் அமைந்து, ஆண்டுதோறும் எண்ணற்றோர் அவற்றைப் பயன்படுத்தி வருகின்றனர். இவை பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் பயணிக்கு வழிகாட்டும் நோக்கில் அமைந்து, இயற்கைக் காட்சிகளையும் தங்குமிடங்களையும் விவரிக்கின்றன. அவ்வழியின் அடியில் கிடக்கும் தளம் யாருடையது, யார் அதை உருவாக்கினர், இன்றும் யார் அதைப் பயன்படுத்துகின்றனர் என்னும் வினாக்கள் அவற்றில் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. அவ்வினாக்களுக்கு வின்ஷ்காவ் பள்ளத்தாக்கைக் கொண்டு விடை காண முற்படுகிறது இக்கட்டுரை.

வின்ஷ்காவ் என்பது ஜெர்மன் பெயர். இத்தாலிய மொழியில் அது வால் வெனோஸ்டா எனப்படும். முதல் உலகப் போர் முடியும்வரை இப்பகுதி ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் இருந்தது. அதன் பின்னரே இத்தாலியுடன் இணைக்கப்பட்டது. இதனால் இங்கு ஒவ்வோர் ஊருக்கும் ஆற்றுக்கும் இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. இப்பள்ளத்தாக்கில் ஜெர்மன் பேசுவோரே மிகுதியாதலின் ஜெர்மன் பெயர்களே இங்குக் கையாளப்படுகின்றன. எட்ஷ் எனக் குறிக்கப்படும் ஆறு இத்தாலியத்தில் ஆடிஜே எனப்படுவது. 410 கிலோமீட்டர் நீளமுள்ள இது, போ ஆற்றுக்கு அடுத்து இத்தாலியின் இரண்டாவது நீளமான ஆறாகும்.

‘போக்குவரத்தற்ற வழி’ என்னும் சொல்லாட்சி

இத்தகைய வழிகளைப் ‘போக்குவரத்தற்றவை’ என்று குறிப்பது வழக்கம். இச்சொல்லாட்சியைச் சற்று ஆராய வேண்டும். போக்குவரத்தே இல்லாத வழி என்று எதுவும் இல்லை. ஊர்திகள் இப்பாதையைக் கடந்துபோகும் பொதுவழியாகக் கொள்ளவில்லை என்பதே இதன் உண்மைப் பொருள். அவ்வாறு நோக்கினால் வின்ஷ்காவ் நெடுவழியில் நான்கு வகைத் தளங்கள் மாறிமாறி வருவதைக் காணலாம்.

முதலாவது, மிதிவண்டிக்கும் நடப்போருக்கும் மட்டுமே என ஒதுக்கப்பட்ட தனிப்பாதை. இரண்டாவது, ஆற்றங்கரை மேல் செல்லும் பாதை. வெள்ளத் தடுப்புக்காக எழுப்பிய கரையின் முகட்டிலோ அதன் அடியிலோ இது அமையும். கரையைப் பேணும் பணியாளரின் வண்டிகள் இதில் வரும். மூன்றாவது, தோட்டங்களுக்கு நடுவே செல்லும் உழவர் பாதை. இழுவை இயந்திரங்கள் இதில் உரிமையோடு செல்லும். நான்காவது, ஊருக்குள் செல்லும் தெரு. இங்கு ஊரார் ஊர்திகள் மெதுவாக இயங்கும்.

இந்நான்கில் முதல் வகை மட்டுமே முற்றிலும் பயணிக்கு உரியது. ஏனைய மூன்றிலும் பயணி விருந்தினரே. கொங்கு நாட்டில் இருபுறமும் வேலி சூழ்ந்து, தோட்டங்களுக்கு இடையே செல்லும் ஒடுங்கிய வழியை இட்டேரி என்பர். அவ்வழியில் எவரும் நடக்கலாம். ஆயினும் ஏர் வந்தால் ஒதுங்கி நிற்பதே முறை. வின்ஷ்காவின் மூன்றாம் வகைத் தளத்தை விளக்க இதனினும் பொருத்தமான சொல் இல்லை எனலாம்.

பள்ளத்தாக்கின் கிடப்பு

ரெஷன் கணவாய் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. மெரான் ஏறத்தாழ 320 மீட்டர் உயரத்தில் உள்ளது. 80 கிலோமீட்டரில் ஏறத்தாழ 1,180 மீட்டர் இறக்கம் எனக் கொண்டால், சராசரிச் சரிவு நூறு மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் அளவே ஆகும். இச்சராசரியை மட்டும் நோக்குவோர் வழி முழுதும் மென்மையாக இறங்கும் என்று கருதக்கூடும். உண்மை வேறு. பள்ளத்தாக்கு ஒரு சாய்ந்த பலகையைப் போல இல்லாமல், அகன்ற படிகளைப் போல அமைந்துள்ளது.

இதற்குக் காரணம் வண்டல் விசிறிகள். பக்கவாட்டு மலைகளிலிருந்து பாயும் ஓடைகள், பனிக்காலத்துக்குப் பின் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கல்லும் மண்ணும் கொணர்ந்து பள்ளத்தாக்கின் வாயிலில் விசிறி வடிவில் குவித்துள்ளன. அக்குவியல் ஆற்றின் போக்கைத் தடுத்து எதிர்ப்பக்கத்துக்குத் தள்ளுகிறது. தடுக்கப்பட்ட ஆறு மேற்புறத்தில் தேங்கி மண்ணைப் படியவைத்துச் சமதளத்தை உண்டாக்குகிறது. கீழ்ப்புறத்தில் விசிறியின் விளிம்பை அரித்துக்கொண்டு விரைந்து இறங்குகிறது. இவ்வாறே சமதளமும் சரிவும் மாறிமாறி அமைகின்றன.

ரெஷன் ஏரியின் கரை ஏறத்தாழச் சமம். அதன் தெற்கே மால்சர் ஹைடெ எனப்படும் பெரும் விசிறி தொடங்குகிறது. ஆல்ப்ஸ் மலையின் மிகப்பெரிய வண்டல் விசிறிகளுள் ஒன்றான இதன்மீது வழி 500 மீட்டருக்கும் மேல் இறங்கி, மதில் சூழ்ந்த சிறுநகரமான குளூர்ன்ஸை அடைகிறது. அங்கிருந்து லாஸ் வரை உள்ள தொலைவில் 40 மீட்டர் அளவே இறக்கம். லாஸுக்கும் ஷ்லாண்டர்ஸுக்கும் இடையே காட்ரியா விசிறி மற்றொரு படியாக அமைகிறது. அதன்பின் நாட்டூர்ன்ஸ் வழியாக டெல் என்னும் இடம் வரை மென்சரிவு. டெல்லில் ஏறத்தாழ 180 மீட்டர் உயரமுள்ள இறுதிப் படி இறங்கி மெரான் சமவெளியில் முடிகிறது.

இப்படிகள் பயணியின் உடலுக்கு எத்தகைய சுமை என்பதை எளிய கணக்கால் அறியலாம். ஆள், வண்டி, மூட்டை மூன்றும் சேர்ந்து 100 கிலோ எனக் கொள்வோம். மெரானிலிருந்து ரெஷன் வரை 1,180 மீட்டர் ஏற்றுவதற்கு ஏறத்தாழ 11.6 இலட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். உடற்பயிற்சி மிக்கவரல்லாத ஒருவர் தொடர்ந்து 100 வாட் அளவில் மிதித்தால் இவ்வேற்றத்துக்கு மட்டும் மூன்று மணி நேரத்துக்கும் மேலாகும். காற்றின் தடையும் சக்கரத்தின் உராய்வும் இக்கணக்கில் சேரவில்லை. நூற்றுக்கு ஐந்து என்னும் சரிவில் அதே வலிமையால் மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில்தான் ஏற இயலும். அது விரைந்து நடப்பவரின் வேகம். ஆகவே மென்சரிவுள்ள தளங்களைத் தேடுவது இங்கு வசதி பற்றியது மட்டுமன்று; எத்தகையோர் இவ்வழியில் செல்ல இயலும் என்பதையே அது தீர்மானிக்கிறது.

நீர் வகுத்த தளங்கள்

மென்சரிவுள்ள தளத்தை முதலில் வகுத்தது நீர். எட்ஷ் ஆறு முற்காலத்தில் கிளைகளாகப் பிரிந்து சதுப்புகளை உண்டாக்கி ஓடியது. அதனாலேயே பழைய ஊர்களும் பழைய வழிகளும் பள்ளத்தாக்கின் அடியைத் தவிர்த்து விசிறிகளின் மேல் அமைந்தன. உரோமானியர் காலத்து நெடுஞ்சாலையான வியா கிளாடியா அகஸ்டாவும் இப்பள்ளத்தாக்கின் வழியாகவே சென்றது. கி.பி. 46-47-இல் பேரரசர் கிளாடியஸ் காலத்தில் நிறைவுற்ற அச்சாலையின் மைல்கல் ஒன்று டெல்லுக்கு அருகிலுள்ள ராப்லாண்டில் கிடைத்துள்ளது. இன்றைய நெடுவழியின் ஒரு பகுதி அச்சாலையின் பெயராலேயே வழங்குகிறது. எனினும் பெயர் பழையதாயினும் சக்கரத்தின் அடியில் உள்ள தளம் பெரும்பாலும் பிற்காலத்தது. ஆற்றை நேராக்கிக் கரை எழுப்பிச் சதுப்பை வடித்த பின்னரே, ஆற்றோரமாகச் செல்லும் தட்டையான பாதை ஒன்று இயல்வதாயிற்று.

நீர் வகுத்த மற்றொரு தளம் மலை வாய்க்கால். மலைகள் இருபுறமும் மழைமேகத்தைத் தடுப்பதால் வின்ஷ்காவ் கிழக்கு ஆல்ப்ஸின் மிக வறண்ட பள்ளத்தாக்குகளுள் ஒன்றாக உள்ளது. ஆண்டு மழையளவு ஏறத்தாழ 500 மில்லிமீட்டரே. எனவே உயர்மலை ஓடைகளிலிருந்து நீரைக் கொணரும் வாய்க்கால்களை மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வெட்டினர். இவற்றை அவர்கள் ‘வால்’ என்பர். வாய்க்காலைப் பேணி, முறைவைத்து நீரைப் பங்கிடும் பணியாளர் ‘வாலர்’ எனப்பட்டார். தமிழகத்து ஏரிப்பாசனத்தில் நீர்க்கட்டி செய்யும் பணியே அது. நீரோட்டத்தால் சுழலும் சிறு சக்கரம் ஒன்று சம்மட்டியால் மணியை அடித்துக்கொண்டேயிருக்கும். மணியோசை நின்றால் எங்கோ நீர் தடைப்பட்டது என்று வாலர் அறிந்து செல்வார். மெரானுக்கு அருகிலுள்ள மார்லிங் வாய்க்கால் இவற்றுள் நீளமானது. 12 கிலோமீட்டர் நீளமுள்ள இது 1737 முதல் 1756 வரை வெட்டப்பட்டது.

வாலர் நடப்பதற்காக வாய்க்கால் ஓரமாக அமைந்த ஒற்றையடிப் பாதைகள் மிக மென்மையான சரிவு உடையவை. நீர் மெல்ல ஓடும் சரிவே பாதையின் சரிவும் ஆகும். சரிவை மட்டும் கருதினால் மிதிவண்டிக்கு இவற்றைவிட உகந்தவை இல்லை. ஆயினும் இவை நடப்போருக்கே உரியவையாகக் கொள்ளப்படுகின்றன. ஒருபுறம் வாய்க்கால், மறுபுறம் சரிந்து இறங்கும் மலை, நடுவில் ஓராள் நடக்கும் அகலம். இரு மிதிவண்டிகள் எதிரெதிரே வந்தால் விலக இடமில்லை. சக்கரம் மென்மையான கரையை அழுத்தினால் வாய்க்கால் உடையும். எனவே சரிவு உகந்ததாக இருப்பது மட்டும் ஒரு தளத்தைப் பகிர்வதற்குப் போதிய காரணமாகாது. அத்தளத்தின் முதற்பயனுக்கு ஊறு நேராமையும் வேண்டும் என்னும் வரம்பை இவ்வாய்க்கால்கள் உணர்த்துகின்றன.

நீரைக் கொண்டு அமைந்த மூன்றாவது தளம் ரெஷன் ஏரிக்கரை. இங்கு முன்பு இயற்கையான ஏரிகள் தனித்தனியே இருந்தன. மின்னாக்கத்துக்காக அணை கட்டி 1950-இல் அவற்றை ஒன்றாக்கியபோது 163 வீடுகளும் 523 ஹெக்டேர் விளைநிலமும் நீரில் மூழ்கின. பழைய கிராவுன் ஊரின் தேவாலயக் கோபுரம் மட்டும் இன்றும் நீரின் மேல் தெரிகிறது. 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கோபுரத்தைப் பயணிகள் நின்று படமெடுத்துச் செல்கின்றனர். அவர்கள் எளிதாக மிதித்துவரும் கரைத்தளம், அவ்வூரார் இழந்த நீர்மட்டத்தை ஒட்டியே அமைந்தது என்பதையும் உடன்வைத்து எண்ண வேண்டும். மலைப் பள்ளத்தாக்கில் ஒவ்வொரு சமதளத்துக்கும் எவரோ ஒரு விலை கொடுத்திருக்கின்றனர்.

உழவர் வகுத்த தளங்கள்

தென் டிரோலில் ஏறத்தாழ 18,000 ஹெக்டேர் பரப்பில் ஆப்பிள் விளைகிறது. வின்ஷ்காவின் நடுப்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் பள்ளத்தாக்கின் அடித்தளம் ஏறத்தாழ முழுதும் ஆப்பிள் தோட்டமே. குட்டையான மரங்களைக் கம்பி கட்டிய வரிசைகளில் நெருக்கமாக வளர்க்கின்றனர். ஒவ்வொரு தோட்டத்துக்கும் இயந்திரம் செல்ல வழி வேண்டும். அதற்காக உழவர் அமைத்த பாதைகளைக் கோத்தே நெடுவழியின் பெரும்பகுதி உருவாகியுள்ளது. புதிதாக நிலம் எடுக்காமல், இருக்கும் பாதைகளுக்கு இடையே விடுபட்ட துண்டுகளை மட்டும் இணைத்தால் போதும் என்பதே இதன் பயன். விளைநிலம் அருமையாகிய பள்ளத்தாக்கில் இது சிறிய பயனன்று.

ஆனால் உழவின் பருவமும் பயணத்தின் பருவமும் ஒன்றாகவே வருகின்றன. ஏப்ரலில் மரங்கள் பூக்கும்போது பயணிகள் வரத் தொடங்குகின்றனர். அதே நாள்களில் இரவு உறைபனி விழும் அச்சம் உண்டு. அப்போது உழவர் பூக்கள்மீது நீரைத் தெளித்துக்கொண்டே இருப்பர். நீர் உறையும்போது வெளிப்படும் வெப்பம் பூவின் உயிர்ப்பகுதியைக் காக்கும். விடியற்காலையில் தோட்டம் பனிக்கட்டிப் போர்வை அணிந்து காண்போரைக் கவரும். பாதையிலோ அந்நீரே வழுக்கும். கோடையில் மருந்து தெளிக்கும் இயந்திரங்கள் வரிசைகளுக்கிடையே செல்லும். ஆகஸ்டு இறுதி முதல் அக்டோபர் வரை அறுவடை. அப்போது பெட்டிகளை ஏற்றிய இழுவை வண்டிகள் பாதையை நிறைக்கும்.

மருந்து தெளிப்பது இங்கு நீண்டகால விவாதத்துக்குரியது. தோட்டத்து மருந்து காற்றில் பரவி அண்டை நிலங்களையும் வழிப்போக்கரையும் அடைகிறது என்னும் கவலையால், மேல் வின்ஷ்காவின் மால்ஸ் ஊராட்சியில் 2014-இல் பொதுவாக்கெடுப்பு நடைபெற்றது. வாக்களித்தோரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் பூச்சிக்கொல்லித் தடைக்கு ஆதரவாக வாக்களித்தனர். அதன் அடிப்படையில் இயற்றிய விதிகள் பின்னர் நீதிமன்றத்தில் செல்லாமற்போயின. இவ்விவாதத்தில் ஒரு தரப்பை ஆதரிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. தோட்டத்தின் நடுவே செல்லும் வழியைத் தேர்ந்தெடுக்கும்போது தோட்டத்தின் வாழ்க்கை முழுவதும், அதன் அழகும் நச்சும் உட்பட, வழியின் பகுதியாகிவிடுகிறது என்பதையே இந்நிகழ்வு காட்டுகிறது. நெடுஞ்சாலையின் புகையைத் தவிர்த்து வருபவர் தோட்டத்தின் தெளிப்பை எதிர்கொள்ள நேரலாம். எனவே வழியமைப்போர் தெளிக்கும் நேரம் குறித்து உழவருடன் உடன்பாடு காண்பது, வழிகாட்டிப் பலகை நடுவதைப் போலவே இன்றியமையாத பணியாகும்.

தொடர்வண்டி வகுத்த தளமும் அதன் இரு முடிவுகளும்

மென்சரிவை வேண்டிநிற்கும் மற்றோர் ஊர்தி தொடர்வண்டி. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்குமாதலால், பற்சக்கரம் இல்லாத பாதைகள் பொதுவாக நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று என்னும் சரிவுக்கு மேல் ஏறுவதில்லை. இதனால் கைவிடப்பட்ட தொடர்வண்டிப் பாதை மிதிவண்டிக்கு மிகவும் ஏற்றது. தென் டிரோலிலேயே இதற்குச் சான்றுகள் உள்ளன. போட்சன் நகரையும் கால்டெர்ன் ஊரையும் இணைத்து 1898-இல் தொடங்கிய பாதை 1971-இல் கைவிடப்பட்டு, இன்று அதன் தடத்தில் மிதிவண்டிகள் செல்கின்றன. டோப்லாகிலிருந்து கோர்ட்டினா வழியாகக் காலால்ட்சோ வரை சென்ற டோலமைட் மலைப்பாதை 1964-இல் மூடப்பட்டு, அதுவும் புகழ்பெற்ற மிதிவண்டி வழியாயிற்று.

வின்ஷ்காவின் வரலாறு இவற்றினின்று வேறுபடுகிறது. மெரானிலிருந்து மால்ஸ் வரை 60 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை 1906-இல் ஆஸ்திரிய ஆட்சியில் திறக்கப்பட்டது. அதனை ரெஷன் கணவாய் கடந்து லாண்டெக் வரை நீட்டும் திட்டம் நிறைவேறவில்லை. 1990-இல் இத்தாலிய அரசுத் தொடர்வண்டித் துறை இப்பாதையில் சேவையை நிறுத்தியது. தண்டவாளம் பெயர்க்கப்படாமல் கிடந்தது. பின்னர் மாகாண அரசு பாதையைத் தன் பொறுப்பில் ஏற்றுப் புதுப்பித்து, 2005 மே மாதத்தில் மீண்டும் சேவையைத் தொடங்கியது.

இவ்விரு முடிவுகளையும் ஒப்புநோக்குதல் இக்கட்டுரையின் மையமான செய்தியைத் தெளிவாக்கும். மூடிய பாதையின் தடம் மிதிவண்டிக்குக் கிடைக்கும்போது சரிவு கிடைக்கிறது. ஆனால் ஏற்றிச்செல்லும் வண்டி மறைகிறது. கோர்ட்டினாவுக்கு இன்று தொடர்வண்டி இல்லை. உயிருடன் உள்ள பாதையின் அருகில் மிதிவண்டி வழி அமையும்போது அதன் மென்சரிவை நேரே பெற இயலாது. வழி ஆற்றோரமும் தோட்டத்தோரமும் ஒதுங்கியே செல்லவேண்டும். ஆனால் தொடர்வண்டியே பயணியின் ஏற்றத்தை ஏற்றுக்கொள்கிறது. மெரானுக்கும் மால்ஸுக்கும் இடையே ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தை அது ஒன்றரை மணி நேரத்துக்குள் கடந்துவிடும். நிலையங்களில் மிதிவண்டி வாடகைக்குக் கிடைக்கிறது. ஓரிடத்தில் எடுத்து வேறோரிடத்தில் ஒப்படைக்கலாம். முதியோரும் சிறுவரும் மேலே தொடர்வண்டியில் சென்று கீழே மிதித்து வரலாம். களைத்தாலும் மழை வந்தாலும் அடுத்த நிலையத்தில் ஏறிக்கொள்ளலாம்.

முன்னர்க் கண்ட கணக்கை இங்கு நினைவுகூரலாம். மூன்று மணி நேர ஏற்றத்தின் பெரும்பகுதியைத் தொடர்வண்டி ஏற்கும்போது, வலியோருக்கு மட்டுமே உரியதாக இருந்த வழி எல்லோருக்கும் உரியதாகிறது. அத்துடன் உள்ளூர் மாணவரும் தொழிலாளரும் ஆண்டு முழுதும் அதே வண்டியில் செல்கின்றனர். பயணிகள் கோடையில் மட்டுமே வருவர். ஊராரின் அன்றாடத் தேவை வண்டியை நிலைநிறுத்துகிறது. அவ்வண்டியின் நிழலில் மிதிவண்டி வழி தழைக்கிறது. 1990-க்கும் 2005-க்கும் இடைப்பட்ட காலத்தில் தண்டவாளம் பெயர்க்கப்பட்டிருந்தால் வின்ஷ்காவுக்கு மற்றுமோர் அழகிய மென்சரிவுப் பாதை கிடைத்திருக்கும். ஆனால் ஊராரின் வண்டி நிரந்தரமாக மறைந்திருக்கும்; அவர்தம் ஊர்திகள் நெடுஞ்சாலையை நிறைத்திருக்கும்.

வழி அறுபடும் இடங்கள்

ஒரு சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த கண்ணியின் வலிமையே. நெடுவழிக்கும் இது பொருந்தும். 80 கிலோமீட்டரில் 78 கிலோமீட்டர் ஊர்தியின்றி இருந்து, இரண்டு கிலோமீட்டர் மட்டும் நெடுஞ்சாலையில் செல்ல நேர்ந்தால், குழந்தைகளுடன் வருவோருக்கு அவ்வழி முழுதும் பயன்படாது. அத்தகைய நெருக்கடி பள்ளத்தாக்கின் ஒடுங்கிய இடங்களிலேயே நேர்கிறது.

டெல் அத்தகைய இடம். இங்கு எட்ஷ் ஆறு குறுகிய இடைவெளியில் மெரான் நோக்கிப் பாய்கிறது. அவ்வீழ்ச்சியைக் கொண்டு 1898-இலேயே இங்கு மின்நிலையம் அமைந்தது. தொடர்வண்டி சுரங்கங்கள் வழியாகச் சுற்றி இப்படியை ஏறுகிறது. மிதிவண்டி கொண்டையூசி வளைவுகளில் இறங்குகிறது. கிலோமீட்டர்க் கணக்கில் சிறிதாகிய இத்துண்டு இல்லையெனில் மேலே உள்ள பள்ளத்தாக்கும் கீழே உள்ள நகரமும் மிதிவண்டியால் இணைந்திருக்கமாட்டா. வழியமைப்பில் செலவும் உழைப்பும் நீளத்துக்கு ஏற்ப அமைவதில்லை. ஒடுக்கத்துக்கு ஏற்பவே அமைகின்றன என்பதற்கு இது தக்க சான்று.

ரெஷன் கணவாயின் வடபுறம் மற்றொரு நிலையைக் காட்டுகிறது. இன் ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து வருவோர் சுவிட்சர்லாந்தின் மார்ட்டினா ஊரிலிருந்து பதினொரு கொண்டையூசி வளைவுகளில் ஏறத்தாழ 370 மீட்டர் ஏறி, நோர்பெர்ட்ஸ்ஹோகெ மேட்டைக் கடந்து ஆஸ்திரியாவின் நாவ்டர்ஸை அடைகின்றனர். இங்கு ஊர்திகளுடன் சாலையைப் பகிர்வது தவிர்க்க இயலாதது. மலை தனிவழிக்கு இடம் தரவில்லை. அதற்குக் கண்ட தீர்வு, மிதிவண்டிகளை ஏற்றிச்செல்லும் பேருந்து. ‘வழி’ என்பது தரைமேல் உள்ள தளம் மட்டுமே என்று கொண்டால் இங்கு வழி அறுந்தது என்றே கூறவேண்டும். தளத்தையும் ஊர்திச் சேவையையும் சேர்த்தே வழி எனக் கொண்டால் அது அறாமல் தொடர்கிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

மலைப் பள்ளத்தாக்கில் மிதிவண்டி நெடுவழி வெற்றிடத்தில் வரையப்படும் கோடன்று. ஆற்றின் கரை, உழவரின் தோட்டப் பாதை, அணையின் ஏரிக்கரை, ஊரின் தெரு ஆகியவற்றைக் கோத்தெடுத்த மாலையே அது. ஒவ்வொரு தளத்துக்கும் முதற்பயன் ஒன்று உண்டு. முதல் உரிமையாளரும் உண்டு. அம்முதற்பயன் கெடாத அளவிலேயே பகிர்வு நிலைக்கும். ஆற்றங்கரை அதற்கு இடம் தந்தது. மலை வாய்க்கால் தரவில்லை. தோட்டப் பாதை நிபந்தனையுடன் தந்தது.

சராசரிச் சரிவும் மொத்த நீளமும் வழியின் தரத்தைக் காட்டும் அளவுகோல்களாகா. படிகள் எங்குள்ளன, ஒடுக்கங்கள் எங்குள்ளன, அவற்றை எவ்வாறு கடப்பது என்பனவே வழி யாருக்குப் பயன்படும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

கைவிடப்பட்ட தொடர்வண்டித் தடத்தை மிதிவண்டி வழியாக்குதல் நற்செயலே. ஆயினும் சேவை நின்றவுடன் தண்டவாளத்தைப் பெயர்ப்பதற்கு முன்பு, மீண்டும் வண்டி ஓட வாய்ப்பு உண்டா என்று பொறுத்திருந்து ஆராய்தல் வேண்டும். பதினைந்து ஆண்டுகள் கிடந்த பாதை உயிர்பெற்றதை வின்ஷ்காவ் காட்டுகிறது. உயிருள்ள தொடர்வண்டியும் அதன் அருகே ஒதுங்கிச் செல்லும் மிதிவண்டி வழியும் சேர்ந்து தருவதை, இரண்டில் ஒன்று தனித்துத் தருவதில்லை.

புதிய வழி வகுக்க முனைவோர் நிலப்படத்தில் கோடு வரைவதற்கு முன்பாக, அக்கோடு செல்லும் தளத்தில் இன்று விடியற்காலையில் யார் நடக்கின்றனர், எந்த வண்டி செல்கிறது, எந்த நீர் ஓடுகிறது என்று கேட்டறிவது நன்று. ஏற்கெனவே இருப்போர் ஒதுங்கித் தரும் இடத்திலேதான் மலையில் வழி பிறக்கிறது.